கை எட்டும் உயரம்

சிலோங்கா கிராமம்,
டொடோமா வட்டாரம், தான்சானியா
18 பிப்ரவரி 2024

அப்பாவுக்கு,

போனை எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். "நீ பிளேன் ஏறுனேன்னா, திரும்பி வந்து நம்ம வாசல்ல நிக்கிற வரைக்கும் உன் குரலை என் காதால கேக்க மாட்டேன்" என்று தேனி பேருந்து நிலையத்தில், மதுரை பஸ்ஸின் ஜன்னலோரம் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னீர்கள். அந்தோணியார் மேல் சத்தியம் வேறு. ஆகவே உங்கள் காதைத் தொந்தரவு செய்யாமல் கண்ணுக்கு எழுதுகிறேன். கிழித்துப் போடலாம்தான். ஆனால் தபால்காரர் பொன்னுராஜ் அண்ணன் ஆப்பிரிக்கா ஸ்டாம்ப் ஒட்டிய கவரை ஊர் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் உங்களிடம் தருவார். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று கேட்பவர்களுக்காகவாவது படித்துத்தான் ஆக வேண்டும்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போகும் இடத்தில் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று மதுரையில் தொண்டு நிறுவனத்தார் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். கொசுவலை கட்ட வேண்டும், தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், குழந்தைகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று இருந்தது. கொசுவலை மட்டும் சரி. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், ஒருவரும் ஓடி வரவில்லை. பெண்கள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, கடை எங்கே போடப் போகிறாய், சர்க்கரை என்ன விலைக்குத் தருவாய் என்பது. இந்தப் பக்கத்தில் இந்தியர் என்றால் டவுனில் கடை வைத்திருப்பவர். நான் சும்மா வேலை செய்துகொடுக்க வந்தவள் என்றதும் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், பாவம், வியாபாரத்தில் நொடித்துப்போனவள் போலிருக்கிறது என்று முடிவு செய்து கோழி அடித்துச் சாப்பாடு போட்டார்கள். சாப்பாடு என்றால் மக்காச்சோள மாவில் கிண்டிய களி. நம் கேப்பைக் களியை விட வெள்ளை, ருசி கொஞ்சம் கம்மி.

வேலையைச் சொல்கிறேன். இங்கேயும் திராட்சை உண்டு. ஆனால் குச்சி நட்டுத் தரையோடு படரவிடுகிறார்கள், பாதி அழுகிவிடுகிறது. நேமா என்கிற பெண்ணின் தலைமையில் ஒரு பெண்கள் குழு இருக்கிறது. அவர்களுக்கு நம் கம்பம் பள்ளத்தாக்குப் பந்தல் போட்டுக் காட்டி, காய்த்து முடிந்த கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆமாம் அப்பா, கவாத்துதான். நான்தான் செய்யப் போகிறேன். பாவாடை கட்டிய நாளிலிருந்து உங்கள் தோட்டத்தில் இலை கிள்ளினேன், கொடி கட்டினேன், கொத்து பறித்தேன். கத்திரியை எடுத்தால் மட்டும், "பொம்பளை கை பட்டா கொடி காய்ப்பை நிறுத்திரும்" என்று பிடுங்கிக்கொள்வீர்கள். தோட்டக்கலை டிப்ளமா வாங்கி வந்த பிறகும் அதே பேச்சு. இந்த ஊர்க் கொடிகளுக்கு உங்கள் சட்டம் தெரியாது. தேனியில் சொந்தமாக ஒரு கத்திரி வாங்கி வந்திருக்கிறேன். அடுத்த வருடம் ஈஸ்டர் வரை இங்கேதான் இருப்பேன்.

உங்கள் மகள்,
அனிதா மேரி


சேசு மரி சூசை

சுருளிப்பட்டி
22.3.2024

அனிதா மேரிக்கு அப்பா இஞ்ஞாசிமுத்து எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன், நீயாகத் தேடிப் போன இடம் அது.

சத்தியத்தை மீறிவிட்டேன் என்று சந்தோஷப்படாதே. கேட்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பங்குச் சாமியாரிடமும் கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

ஊரில் தலை காட்ட முடியவில்லை. சின்னமனூர் ஹார்டுவேர் கடைக்காரர்கள் அவர்கள் பையனுக்காக உன்னைக் கேட்டு வந்தார்கள். "பொண்ணு எங்கன இருக்காக?" என்று கேட்டார் அந்த அம்மாள். ஆப்பிரிக்கா என்றேன். காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். நல்ல குடும்பம். போகட்டும்.

கவாத்துக்கு ஆள் இல்லை. வழக்கமாக வருகிறவர்கள் எல்லாம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு வலது தோள் தூக்க முடியவில்லை. அரைத் தோட்டம் அப்படியே நிற்கிறது. பெற்றவன் தோட்டம் கிடக்க, பெயர் தெரியாதவர்கள் தோட்டத்துக்குக் கத்திரி எடுத்துப் போயிருக்கிறாய். உடனே, அப்பா கூப்பிட்டுவிட்டார் என்று நினைக்காதே. உன்னைக் கத்திரி எடுக்கச் சொல்லவில்லை. வீட்டில் இரு என்கிறேன்.

பந்தல் போடுவதாக இருந்தால் ஒழுங்காகப் போடு, என் பெயரைக் கெடுக்காதே. மூலைக் கம்பங்களை வெளிப்பக்கமாகச் சாய்த்து நட்டு, கம்பியை இழுத்து மண்ணில் கல் புதைத்துக் கட்டு. உயரம் ஐந்தரை அடி, அதற்கு மேல் ஒரு விரல் கூடாது. நான் நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேல் கம்பி, கை தானாக எட்டும். கல்யாணமான வருஷம் போட்ட அளவு, இன்று வரை நான் மாற்றவில்லை.

ஜூன் மாதம் அந்தோணியார் திருநாளுக்குள் வந்து சேர். வராவிட்டால் கிழக்குத் துண்டை பிளாட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். உன் அம்மா சீராகக் கொண்டுவந்த நிலம் என்பதால் உனக்கென்று வைத்திருந்தேன். ஊரிலேயே இல்லாதவளுக்கு நிலம் எதற்கு.

இப்படிக்கு,
இஞ்ஞாசிமுத்து


சிலோங்கா
9 மே 2024

அப்பாவுக்கு,

திருநாளுக்கு வர மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரி வரைக்கும் தேட வேண்டாம்.

கிழக்குத் துண்டைக் காட்டி என்னைக் கூப்பிடுகிறீர்கள். அது அம்மாவின் நிலம். அம்மா செத்து இரண்டு வருடம் ஆகிறது. இருந்தவரைக்கும் அந்தத் துண்டில் ஒரு கொடியை வெட்ட அவளுக்கு உரிமை உண்டா? அவள் நிலத்தில் அவளே கூலியாள் மாதிரி உங்கள் பின்னால் குச்சி பொறுக்கிக்கொண்டு வந்தாள். அதே வேலைக்குத்தான் என்னையும் கூப்பிடுகிறீர்கள். விற்றால் விற்றுக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தில் பிளேன் ஏறி ஓடி வர மாட்டேன்.

சின்னமனூர்க்காரர்கள் காபி குடிக்காமல் போனதற்கு எனக்கு வருத்தமில்லை. காபி ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

பந்தல் எழுந்துவிட்டது. கல்தூண் கிடைக்காது, மரக்கம்பம்தான். மழை ஈரம் இருக்கும்போதே குழி எடுத்துவிட்டோம். நீங்கள் சொன்ன மாதிரியே மூலைக் கம்பங்களைச் சாய்த்து நட்டேன். உயரம் ஐந்தரை அடி. நீங்கள் எழுதியிருக்கவே வேண்டாம், வேறு உயரம் எனக்குத் தெரியாது. கொடிகளும் குச்சியைப் பிடித்து ஏறத் தொடங்கிவிட்டன.

நம் வழக்கப்படி பந்தலுக்குள் செருப்போடு வரக் கூடாது என்று சொன்னேன். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வரிசையாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, கோயிலுக்குள் போவது போல அமைதியாகப் போகிறார்கள். உங்கள் தோட்டத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. தொண்டு நிறுவனத்தின் டவுன் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் நம் மதுரைக்காரர் பாண்டியராஜன் சார் வந்து எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

தோளுக்கு எண்ணெய் போட்டால் போதாது. கம்பம் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

அனிதா மேரி


சேசு மரி சூசை

சுருளிப்பட்டி
20.6.2024

அனிதா மேரிக்கு,

திருநாள் முடிந்தது. நீ வரவில்லை. தேர் நம் வீட்டு வாசலில் நின்றபோது உப்பும் மிளகும் நான் ஒருவனே எடுத்துப் போட்டேன்.

சொன்ன சொல்படி ஆள் வரச்சொன்னேன். உத்தமபாளையத்தில் பிளாட் போடுகிற முத்துராஜா வந்தார். ஆள் பனைமர உயரம். கிழக்குத் துண்டுக்குள் நுழைந்ததும் கம்பி நெற்றியைக் கீறிவிட்டது. "என்ன பெரியவரே, திராட்சைக்குப் பந்தல் போட்டிருக்கீகளா, ஆட்டுக்குக் கொட்டகை போட்டிருக்கீகளா?" என்று கேட்டுச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். "குனிஞ்சு வரத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா நெலம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அதனால் விற்கவில்லை. உனக்காக என்று எண்ணாதே. வேறு ஆள் பார்ப்பேன்.

உன் அம்மா கூலியாள் மாதிரி வந்தாள் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நான் பதில் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் காட்டினேன். தோள் இறுகிவிட்டதாம். தலைக்கு மேல் கையைத் தூக்காதே என்கிறார்கள்.

இஞ்ஞாசிமுத்து


சிலோங்கா
25 ஆகஸ்ட் 2024

அப்பா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன். மென்மையாக எழுத வரவில்லை.

மே மாதத்தோடு மழை நின்றுவிட்டது. இனி கொடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இங்கே மோட்டார் கிடையாது, சொட்டுநீர் கிடையாது. தூரத்தில் ஒரு அடிபம்பு. பெண்கள் வாளியில் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். கையால் பிடிப்பதுகூட இல்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, நேராக நடந்து வருவார்கள். ஒரு சொட்டுச் சிந்தாது. பந்தல் ஓரத்துக்கு வந்ததும் நிற்பார்கள். செருப்பைக் கழற்றுவார்கள். வாளியைத் தலையிலிருந்து இறக்குவார்கள். குனிந்து, வாளியைத் தரையில் இழுத்து இழுத்துக் கொடிக்குக் கொடி போவார்கள். பாதித் தண்ணீர் வழியிலேயே போகும்.

எனக்கு உறைக்கவே இல்லை அப்பா. வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் ஊரில் தண்ணீர்க்குடம் இடுப்பில் வரும். இடுப்புக் குடத்துக்கு ஐந்தரை அடிப் பந்தலில் என்ன தடை? அப்புறம் ஒரு நாள் நேமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நின்றாள். என்னவென்று கேட்டேன். வலி என்றாள். அவள் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்: "உங்க ஊர் கொடிக்குச் சாமி மாதிரி மரியாதை செய்யணும்போலன்னு நெனச்சோம். செருப்பைக் கழத்தச் சொன்னீக. சரி, வாளியையும் எறக்கணும், தலையும் குனியணும்போல, அதுவும் உங்க வழக்கம்னு நாங்களே பேசிக்கிட்டோம். விருந்தாளிகிட்டப் போய் எப்படிக் கேக்கிறது?"

வழக்கமில்லை, பந்தல் குட்டை, அளவு தப்பு என்று நான் சொன்னதும் ஒரு நிமிடம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுதேன் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

அம்மா உங்களைவிட உயரம். ஊரே அவளை நெட்டைச் செபஸ்தி என்று கூப்பிட்டது. கல்யாண போட்டோவில் அவளை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். ஏன் என்று இருவருமே சொன்னதில்லை. அந்த வருஷமே அவள் சீர் நிலத்தில் பந்தல் போட்டீர்கள், உங்கள் கை எட்டும் உயரத்தில். கல்யாணத்திலிருந்து சாகிற வரைக்கும் அவள் அதற்குள் கழுத்தை மடக்கிக்கொண்டு நடந்தாள். கழுத்துக்குப் பட்டை போடச் சொன்னார் டாக்டர். பெற்ற வலி, வயசு வலி என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும் அவள் உயரம்தான். குனிந்து குனிந்து, குனிவதும் வேலையில் சேர்த்தி என்றே வளர்ந்திருக்கிறேன். அந்தக் கூனை விமானம் ஏற்றி இங்கே கொண்டுவந்து, என்னை நம்பிய பெண்கள் முதுகில் வைத்துவிட்டேன்.

பந்தலைப் பிரிக்கப் போகிறேன் என்றதும் பாண்டியராஜன் சார் ஓடி வந்தார். "ஏம்மா, நல்லா நிக்கிற பந்தலை யாராச்சும் பிரிப்பாகளா? அடுத்த மாசம் வெளிநாட்டுல இருந்து பாக்க வர்றாக. போட்டோவெல்லாம் போயிருச்சு. அவுகளுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். "தப்பாப் போட்டோம், சரியாப் போடுறோம்னு சொல்லுங்க சார். இல்லேன்னா அவுக தலையில ஒரு வாளித் தண்ணியை வச்சு உள்ள நடக்கச் சொல்லுங்க" என்றேன். ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். அனுப்புங்கள், பிரித்து முடித்த பிறகு போகிறேன் என்றேன். மறுநாள் காலையில் நேமாவும் நானும் முதல் கம்பியை அறுத்தோம்.

"என் பெயரைக் கெடுக்காதே" என்று எழுதினீர்கள். உங்கள் அளவைத்தான் கெடுத்திருக்கிறேன். வேண்டுமென்றேதான்.

அனிதா மேரி


சிலோங்கா
3 நவம்பர் 2024

அப்பா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தொலைந்ததா, நீங்கள் எழுதவில்லையா தெரியாது. தொலைந்திருந்தால் சொல்லுங்கள், அதையே ஒரு வார்த்தை மாறாமல் திரும்ப எழுதி அனுப்புகிறேன். படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறீர்கள் என்றால், இருங்கள். எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பாதி கட்டிய பந்தலைத்தான் பார்த்தார்கள். பாண்டியராஜன் சார் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு அது பழக்கம்தான்.

புதுப் பந்தலுக்கு அளவு எடுக்க, குழுவிலேயே உயரமான பெண்ணின் தலையில் நிறைந்த வாளியை வைத்து நிறுத்தினோம். அதற்கு மேல் ஒரு கை இடைவெளி விட்டுக் கம்பி. கவாத்து செய்ய மரப்பெட்டி மேல் ஏற வேண்டியிருக்கும், ஏறிக்கொள்வோம். நேற்று நேமா வாளியோடு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். அது மட்டும் இருக்கட்டும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நேராக உள்ளே நடந்தாள், பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

அம்மா அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அனிதா மேரி


சேசு மரி சூசை

சுருளிப்பட்டி
18.12.2024

அனிதா மேரிக்கு,

கடிதம் இரண்டும் வந்தது. தொலையவில்லை.

ஆகஸ்ட் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடவில்லை. உன் மேல் அவ்வளவு கோபம். பெற்ற தகப்பனுக்கு ஒரு பெண் எழுதுகிற எழுத்தா அது என்று பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தார். அப்புறம், "செபஸ்தியம்மா கோயிலுக்குள்ளயும் குனிஞ்சுதானய்யா வரும், நான் அதைப் பக்தின்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிழக்குத் துண்டை விற்கவில்லை. கொடியும் கிழடாகிவிட்டது, காய்ப்பில்லை. செப்டம்பரில் எல்லாவற்றையும் பிடுங்கினேன். பிளாட் போடத்தான் பிடுங்குகிறேன் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கல்தூணையும் சாய்த்தேன். புதிதாகக் கல் இறக்கலாம் என்றபோது கல் உடைக்கிறவன், என்ன உயரம் என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் அம்மாவோடு அத்தனை காலம் குடித்தனம் செய்தவனுக்கு அவள் உயரம் தெரியவில்லை. அவள் நிமிர்ந்து நின்றதை நான் பார்த்திருந்தால்தானே தெரியும்.

கம்பம் டவுனில் சவப்பெட்டி செய்கிற ஆசாரியிடம் போய்க் கேட்டேன். "மறப்பேனா? கடையில இருந்த பெட்டி எதுவும் பத்தல, தனியா அடிச்சுக் கொடுத்தேன்ல" என்று நீளத்தைச் சொன்னார். அந்த நீளம், அதற்கு மேல் ஒரு சாண். அந்த அளவில் கல் இறக்கி நட்டிருக்கிறேன். மூலைக் கல்லைச் சாய்த்து இழுத்துக் கட்டியாகிவிட்டது. பன்னீர் திராட்சை நாற்று வைத்தேன். இப்போது முழங்கால் உயரம்.

நட்ட பிறகு உள்ளே போய் நின்று பார்த்தேன். கம்பி என் கைக்கு எட்டவில்லை. தோள் நன்றாக இருந்தாலும் எட்டாது. கட்டியவனுக்கே எட்டாத பந்தலில் யார் கவாத்து செய்வது என்று வேலைக்காரர்கள் சிரிக்கிறார்கள். அதுக்கு ஆள் இருக்கு, வெளியூர் போயிருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நீ எழுதியது அதிகம்தான். இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் நாற்று என் கோபத்துக்காக நிற்காது, ஏறிக்கொண்டே இருக்கும். வந்துவிடு, ஆத்தா. கத்திரிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

இஞ்ஞாசிமுத்து


சிலோங்கா
26 ஜனவரி 2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேமாவுக்கு அவள் பாஷையில் வாசித்துக் காட்டினேன். ஆசாரியைப் பார்க்கப் போன இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவள்தான் அதை விரித்து என் கையில் கொடுத்து மீதியைச் சொல்ல வைத்தாள்.

உடனே வர மாட்டேன். ஈஸ்டர் வரை என்று இந்தப் பெண்களுக்குச் சொல் கொடுத்திருக்கிறேன், அவர்கள் முதல் கவாத்தை முடிக்காமல் கிளம்பினால் நான் நட்டதற்கு அர்த்தமில்லை. நீங்கள் வைத்த நாற்று பந்தலைத் தொட்டுப் படரட்டும். முதல் வெட்டுக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் வேறு யாரும் அதில் கத்திரி வைக்கக் கூடாது. எண்ணெய் போட்ட கத்திரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் கத்திரி என்னிடம் இருக்கிறது. கல்யாணப் பேச்சு எடுக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள், கிழக்குத் துண்டில் கவாத்து நான்தான் செய்வேன் என்று. அதைக் கேட்டும் காபி குடிக்கிறவர்கள் குடிக்கட்டும்.

எனக்கும் கோபம் தீரவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒரே தடவையில் எழுதிவிட்டேன்.

தேனிக்கு அழைக்க வர வேண்டாம், தோள் வலியோடு பஸ் ஏறி அலையாதீர்கள். வீட்டு வாசலில் வந்து நின்றால்தானே சத்தியம் தீரும்? முதலில் வாசலுக்கு வருகிறேன். அப்புறம் இருவரும் கிழக்குத் துண்டுக்குப் போவோம். நம் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவேன். தலையை மட்டும் குனிய மாட்டேன்.

உங்கள் மகள்,
அனிதா மேரி